அசதிப் பொருத்தம்

நான்காவது நாளும் நித்திலனுக்கு அசதி வரவில்லை. அதை மறைக்கத்தான் அவன் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

நாட்டின் வடகோடியில் சாங்தாங் பீடபூமி. கண்ணுக்கு எட்டிய வரை வீடும் இல்லை, மரமும் இல்லை. பழுப்பு மலை, அதற்குப் பின்னால் சிவப்பு மலை, அதற்கும் பின்னால் பனித்தொப்பி போட்ட மலை. இவற்றுக்கு நடுவே யாரோ நகத்தால் கீறிவிட்டுப் போன மாதிரி ஒரு சரளைப் பாதை. அந்தக் கீறலில் இரண்டு மலைச் சைக்கிள்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

முன் சைக்கிளில் செவ்வந்தி. காங்கேயத்தில் கால்நடை மருத்துவர். முரட்டுக் காளைக்கு ஊசி போட்டுப் பழகிய கைகள் ஹேண்டில்பாரை நெரித்துக்கொண்டிருந்தன. அந்த உயரத்துக் காற்றில் சமவெளியில் இருப்பதில் பாதிதான் பிராணவாயு. மிதிக்கு ஒரு மூச்சு, மூச்சுக்கு ஒரு முனகல் என்று ஏறிக்கொண்டிருந்தாள்.

பின் சைக்கிளில் நித்திலன். கோயம்புத்தூரில் தண்ணீர்ப் பம்ப் வடிவமைப்பவன். சாயங்காலம் ரேஸ்கோர்ஸைச் சுற்றி வருகிறவன் போல ஜம்மென்று வந்துகொண்டிருந்தான். ஜம்மென்று வருவது வெளியே தெரியக்கூடாது. ஆகவே மணிக்கட்டில் கட்டியிருந்த நாடிக்காட்டியைப் பார்த்துப் பார்த்து மூச்சு வாங்கினான். துடிப்பு ஏறினால் 'ஹா... ஹா...' இன்னும் ஏறினால் 'அம்மாடி!'

"ஏனுங்க, கொஞ்சம் நிக்கலாமா?" செவ்வந்தி திரும்பாமலே கேட்டாள்.

"உங்களுக்கு எப்புடி வசதியோ அப்புடியே பண்ணிக்கலாங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு வாங்க மறந்துபோனது உறைத்தது. அவசரமாக இரண்டு 'ஹா' போட்டான்.

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். தீனி தின்னாத மாட்டைப் பார்க்கிற பார்வை.

கணவாயின் உச்சியில் காற்று மந்திரக் கொடிகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. செவ்வந்தி சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு கத்தினாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஏரியப் பாருங்க! ஐயோ, பாருங்களேன்!"

நித்திலன் பார்த்தான். ஏரி இருந்தது. நீலமாக இருந்தது. காலண்டரில் இருப்பதும் இதே நீலம்தான்.

"நல்லாருக்குங்க," என்றான்.

* * *

அசதிக்கடத்தி வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பிடரித் தோலுக்கு அடியில் மிளகளவு ஒரு பொருள். ஜனங்களின் வாயில் அதன் பெயரே மிளகுதான். உழைத்த உடம்பு 'போதும்' என்று மூளைக்கு அனுப்பும் சேதியை அது வழிமறித்து, எங்கோ கட்டிலில் படுத்திருக்கும் இன்னொருவரின் மிளகுக்கு அனுப்பிவிடும். மிதிப்பது ஒருவர், அசந்து போவது வேறொருவர். அப்படி வாங்கிக்கொள்கிறவருக்குத் தாங்கி என்று பெயர்.

கல்யாண மண்டபங்களில் சமையலறைக்குப் பின்னால் தாங்கிகளுக்கென்று தனி அறையே கட்டினார்கள். பந்தி பரிமாறுகிறவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள்; அறைக்குள் படுத்திருப்பவர்கள் 'அப்பாடா, அம்மாடா' என்று புரண்டுகொண்டிருப்பார்கள். ராத்திரி பஸ் ஓட்டுகிறவர், வகுப்பில் கத்துகிற வாத்தியார், குழந்தை பெற்ற வீட்டுக்காரர்கள் என்று எல்லோருக்கும் ஒரு தாங்கி இருந்தார். தாங்கிகளைப் பார்த்து ஊரே பாவப்பட்டது.

அந்தப் பாவத்தில்தான் சட்டமும் எழுதினார்கள். இணைப்பை அறுக்கும் உரிமை தாங்கிக்கு மட்டும். அசதியை அனுப்புகிறவருக்கு அது இல்லை. கொடுத்த அசதியைத் திருப்பிக் கேட்கிற பைத்தியக்காரன் எவனாவது இருப்பானா என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள்.

முதலில் தலையில் கைவைத்தவர்கள் கல்யாணத் தரகர்கள்தான். அசதி இல்லாதவனுக்கு எரிச்சல் இல்லை. எரிச்சல் இல்லாதவன் குணம் எப்படித் தெரியும்? பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தேனாகப் பேசினார்கள். கல்யாணம் முடிந்து, தாங்கி லீவு போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அதுவரை பார்த்திராத ஒரு முகத்தைப் பார்த்தார்கள். குடும்பநலக் கோர்ட்டுகளில் திங்கட்கிழமை கூட்டம் நெரிந்தது.

கடைசியில் கொங்கு நாட்டுக்காரர்கள் ஜாதகக் கட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு அசதிப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்ணும் பையனும் தாங்கிகளிடம் சொல்லி இணைப்பை அறுத்து மிளகை அணைத்துவிட்டு, மோட்டார் இல்லாத வண்டியில், ஆள் அரவமில்லாத நெடுவழி ஒன்றில் சேர்ந்து போய்வர வேண்டும். தனித்தனிக் கூடாரம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அசந்து, பசித்து, குளிரில் விறைத்து, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்து, அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் தாம்பூலம் மாற்றலாம்.

ஆனால், ஜாதகத்தையே திருத்தத் தெரிந்த ஜனங்களுக்கு மிளகை அணைக்காமல் விடத் தெரியாதா?

நித்திலன் முதல் தடவை யோக்கியமாகத்தான் போனான். போன வருடம், கொல்லிமலை, ஈரோட்டுப் பெண். மூன்றாவது நாள் கடைசி அவித்த முட்டை யாருக்கு என்று பேச்சு வந்தது. அந்த முட்டையைப் பள்ளத்தில் வீசி எறிந்துவிட்டு, "இப்ப ரெண்டு பேருக்கும் இல்ல!" என்று கத்தினான். அந்தச் சத்தம் மலையைவிட்டு இறங்கி ஈரோடு, கோபி, தாராபுரம் என்று எல்லாத் தரகர்களின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகு செவ்வந்தியைப் பார்த்தான். அவள் வீட்டுக்குப் போன அன்று ஒரு கன்றுக்குட்டி அவன் சட்டை நுனியைச் சவைத்துக்கொண்டிருந்தது. அவள் அதன் வாயிலிருந்து சட்டையை உருவி, "பரவால்லைங்க, அதுக்குப் புடிச்சிருக்குது," என்று சொல்லிச் சிரித்தாள். அந்த இடத்திலேயே நித்திலன் முடிவு செய்துவிட்டான்: இவளுக்கு அந்த முட்டை முகம் தெரியவே கூடாது.

அக்கா மரகதத்தின் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவிடம்தான் போய் நின்றான். பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி. உட்கார்ந்த இடத்திலிருந்தே வியாபாரம் பண்ணுகிறவர்.

"நாங் கட்டல்ல கெடந்தாப் போதுமல்லோ மாப்ள?" என்று கேட்டார் அவர். "அதுல எனக்கு நல்ல அனுபவம் உண்டு. நீ ஜாம் ஜாம்னு போயிட்டு வா."

* * *

அன்று மத்தியானம் ஏரிக்கரையில் ஒரு மேய்ப்பர் குடும்பத்தின் கூடாரம். கறுப்பு யாக் எருது மயிரில் நெய்தது. உள்ளே இருந்த பெண், வறுத்த பார்லி மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள்.

"நம்மூரு களிக்குப் பங்காளிங்க இது!" செவ்வந்தி மூன்றாவது உருண்டைக்குக் கை நீட்டினாள். "ஏறி வந்த ஏத்தத்துக்கு அமிர்தமா இருக்குதுங்க."

நித்திலன் மென்றான். மரத்தூளாக இருந்தது. நேற்றைய ஆப்ரிகாட் பழமும் மரத்தூள்தான். முந்தாநாள் ராத்திரி வானம் கொள்ளாத நட்சத்திரங்கள். அதையும் மென்று துப்பின மாதிரிதான் இருந்தது. ஏதோ ஒன்று குறைந்தது. உப்பா, உறைப்பா என்று தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள் செவ்வந்தி. "நாலு நாளாச்சு. ஒரு தடவகூட நீங்க எரிஞ்சு உழுகல."

"என் சுபாவம் அப்புடிங்க."

"நேத்து உங்க பாட்டல் தண்ணி பூராத்தையும் நாந்தான் குடிச்சேன். வேணும்னேதான்."

"தாகம்னா குடிக்கறதுதானுங்களே."

"காலைல உங்க பின் சக்கரத்துல காத்தப் புடுங்கி உட்டது?"

"அது... ஏதாவது கல்லு குத்தியிருக்குமுங்க."

"கல்லு இல்ல. நானு." அவள் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தாள். "எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு காள வந்துச்சுங்க. அடிச்சாலும் நவுராது, கொம்பப் புடிச்சாலும் முட்டாது. ஊரெல்லாம் சாதுன்னு சொன்னாங்க. பாத்தா ஒடம்பு பூராக் காய்ச்சலு."

நித்திலனுக்கு வியர்த்தது. இந்த ஒன்றுதான் நான்கு நாளில் நிஜமாக வந்த வியர்வை.

கை கழுவுகிற சாக்கில் கூடாரத்துக்குப் பின்னால் போய் வான்பேசியை எடுத்தான். மறுமுனையில் மணி அடித்து முடிப்பதற்குள் முனகல் வந்துவிட்டது.

"ஐயோ... மாப்ள... உசுரு போகுதுடா சாமி..."

"மாமா, மன்னிச்சுருங்க மாமா. ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்களா?"

"காலு ரெண்டும் கழண்டு உழுந்துருச்சு. ஆனாப் பரவால்ல. உனக்காகத் தாங்கிக்கறேன். ஆமா, பொறவு எப்ப ஏறப் போறீங்க?"

"நாளைக்கு ஒரு எறக்கம். அதுக்கப்புறம் ஏழாவது, கடைசிக் கணவாய். எல்லாத்துலயும் பெருசு அதுதான் மாமா."

"பெருசா?" முனகல் ஒரு நொடி நின்றது. "ஐயோ பாவம் நானு," என்று மறுபடி தொடங்கியது.

பின்னணியில் அக்காவின் குரல் கேட்டது. "டேய் தம்பி, இந்த மனுசன் ரசஞ்சோத்த நாலு தட்டு தின்னுபோட்டு அழுவறாருடா! என்னடா பண்ணுன அவர?"

பேச்சு துண்டிக்கப்பட்டது. துண்டித்தது மாமாவா, மலையா என்று தெரியவில்லை.

* * *

மறுநாள் இறக்கத்தில் அது நடந்தது.

உருளைக் கற்கள் நிறைந்த சரிவு. கீழே உருகிய பனி ஓடையாகப் பாய்ந்துகொண்டிருந்தது. இடது பக்கம் பள்ளம். செவ்வந்தி பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். நித்திலன் பெடலின் மேல் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, கற்களின் குலுக்கலை வாங்கிக்கொண்டே வந்தான். ஆறு மாதம் மருதமலை ரோட்டில் பழகிய கால்கள். வலு இருந்தது. எத்தனை வலு மீதி இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்தச் சேதியெல்லாம் பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று வலது கால் இல்லை.

வலிக்கவில்லை, நடுங்கவில்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை. கரண்ட் போன வீடு மாதிரி கால் அணைந்துபோனது. முழங்கால் மடங்கியது. ஹேண்டில்பார் திரும்பியது. வானம் ஒரு சுற்று, கல் ஒரு சுற்று. சைக்கிள் அவனைத் தாண்டிப் பறந்து ஓடையில் விழுந்தது. அவன் பள்ளத்தின் விளிம்பில் ஒரு பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"அசையாதீங்க!"

செவ்வந்தி சறுக்கிக்கொண்டே வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தாள். எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். முறிவு இல்லை. தொடையில் விரலை வைத்தாள். தொடைத் தசை பிசைந்த மாவாகத் துவண்டு கிடந்தது.

"இந்தளவுக்குப் போற வரைக்கும் எப்புடி மிதிச்சீங்க? நேத்தே இது கத்திக் கூப்பாடு போட்டிருக்கணுமே!"

நித்திலன் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய கை அவன் பிடரிக்குப் போனது. காற்றில் விறைத்த விரல்கள். ஓடுகிற மிளகு சுடும் என்பது ஊரறிந்த விஷயம்.

கை அங்கேயே நின்றது. பிறகு மெல்ல விலகியது.

அவள் திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. ஓடையில் இறங்கி அவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து பாறையில் சாய்த்தாள். வளைந்துபோன பின்கம்பியை நிமிர்த்தினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குத் திரும்பிரலாங்க," என்றாள்.

"செவ்வந்தி..."

"நாலு நாளா நான் அழுவறேன், சிரிக்கறேன், உங்க டயருல காத்தப் புடுங்கறேன். எம் மூஞ்சி பூரா உங்களுக்குக் காட்டிட்டேன். நீங்க எதக் காட்டுனீங்க? நல்லாருக்குங்க, நல்லாருக்குங்கன்னு ஒரு பொம்மைய."

நித்திலன் முட்டைக் கதையைச் சொன்னான். முழுவதும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

"கடைசிக் கணவா ஒண்ணு பாக்கி இருக்குதுங்க," என்றான். "அத மட்டும் நான் நானா ஏறிக்கட்டுமா? அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

"அறுத்துக் காட்டுங்க. பொறவு பேசலாம்."

* * *

"மாட்டேன்," என்றார் நாச்சிமுத்து.

"மாமா?"

"அறுக்க மாட்டேன் மாப்ள. நாளைக்குப் பெரிய கணவான்னு நீயே சொன்ன. அத வெச்சுக்கிட்டு இன்னிக்கு வந்து அறுன்னா எப்புடி?"

வான்பேசி இருவருக்கும் நடுவே கல்லின்மேல் இருந்தது. செவ்வந்தி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாலும் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"மாமா, நீங்கதான உசுரு போகுதுன்னு முனகிட்டிருந்தீங்க!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. கதவைச் சாத்துகிற சத்தம். குரல் தாழ்ந்தது.

"வெளிய சொல்லிராதே. அசதி மட்டும் வரதில்ல மாப்ள. அது ஆறும்போது வருது பாரு ஒரு சொகம், அதும் சேந்தே வருது. ரெண்டும் ஒரே நரம்பு போல. நேத்து நீ கணவா உச்சில நின்னப்ப, எனக்குக் கட்டல்ல கெடந்தபடி கண்ணுல தண்ணி கொட்டுது. ஏன்னு தெரியல. ஜன்னல்ல தென்ன மரம் தெரியுது, அதப் பாத்து அழுவறேன். வாழ்நாளெல்லாம் தேங்காயா எண்ணிட்டிருந்த மரம்! ரசஞ்சோறு தின்னா தேவாமிர்தம். படுத்தாத் தூக்கம். எந்திரிச்சாப் பசி. நாப்பத்தேழு வயசுக்கு இப்பத்தான் ஒடம்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது."

நித்திலனுக்குப் பார்லி உருண்டை நினைவுக்கு வந்தது. நட்சத்திரங்கள் நினைவுக்கு வந்தன. காலண்டர் நீலம் நினைவுக்கு வந்தது.

"இது... மத்த தாங்கிகளுக்கெல்லாம் தெரியுமா மாமா?"

"தெரியாமயா? பொள்ளாச்சித் தாங்கிகள் சங்கத்துல சேத்துக்கிட்ட அன்னிக்கே சொல்லிக் குடுக்கற மொதல் பாடம் அதுதான். முனகணும். நல்லா முனகணும். ஊரு நம்மளப் பாவம்னு நெனைக்கற வரைக்குந்தான் அசதி வரும். விசயம் வெளிய தெரிஞ்சா அத்தன பேரும் திருப்பிக் கேப்பானுங்க."

செவ்வந்தி சட்டென்று திரும்பி வான்பேசியைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. கோபமா, சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடாத மாதிரி இருந்தது.

"ஏனுங் மாமா," என்றாள். "அந்தக் கொடி கட்டின கணவால, எறங்கும்போது ஒரு காத்து வந்துச்சே..."

"அட, ஆமா கண்ணு! ஒடம்பு லேசாயி, பறக்கற மாதிரி! எந்திரிச்சு உக்காந்துட்டேன்!"

"எனக்கும் அப்புடியேதானுங்!"

"அந்த மொத நா மத்தியானம்? ஏதோ சூடாக் குடிச்சீங்களே?"

"சூப்புங் மாமா. பூண்டு போட்டது."

"அதேதான்! வகுறு நெறஞ்சு தெய்வமே கண்ணுல தெரிஞ்சுச்சு!"

இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நித்திலன் தன் பெண் பார்க்கும் படலத்தைத் தானே ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அந்தச் சூப்பைக் குடித்த வாய் அவனுடையது. அது எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு வார்த்தை அவனிடம் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு யோசனை வந்தது. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

"மாமா, நான் மிதிச்சாத்தான உங்களுக்கு வரும்?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"மிதிக்க மாட்டேன். இந்தக் கல்லு மேலயே உக்காந்திருப்பேன். எத்தன நாளானாலுஞ் செரி."

"மாப்ள! வெளையாடாதே!"

நித்திலன் வான்பேசியை அணைத்தான்.

அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தான். எப்படியும் அந்தத் தொடைக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டாள். தூரத்தில் காட்டுக் கழுதைக் கூட்டம் ஒன்று நின்று, ஓடி, மறுபடி நின்று, இந்த இரண்டு பேரும் ஏன் நகரவில்லை என்று பார்த்தது. செவ்வந்தி சங்கிலிகளுக்கு எண்ணெய் விட்டாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தேநீர் போட்டபோது இரண்டு கோப்பை போட்டாள்.

காலையில் வான்பேசியைத் திறந்த உடனே மணி அடித்தது. அக்கா.

"டேய், இவருக்கு நேத்திலிருந்து சோறு எறங்கல. தூக்கம் வரல. கூடத்துல மேலயும் கீழயும் நடக்கறாரு. மிதிடா தம்பி, ஒரு ரெண்டு மிதியாவது மிதிடா!"

"அவரு அறுத்தா மிதிக்கறேன்கா."

பேசி கைமாறியது. "செரி மாப்ள," என்றது நாச்சிமுத்துவின் சுருதியிழந்த குரல். "பாதிக் கணவா வரைக்கும் எனக்கு. அதுக்கு மேல உனக்கு. என்ன சொல்ற?"

"முழுசும் எனக்கு."

 பிடரியில் இருந்த சூடு மெல்ல ஆறியது.

* * *

கடைசிக் கணவாய் ஆரம்பித்து ஐம்பது மிதி மிதித்ததும் நித்திலனுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது.

தொடையில் நெருப்பு. நெஞ்சுக்குள் யாரோ அம்மி அரைக்கிறார்கள். வாயில் இரும்பு ருசி. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னாலும் இன்னொரு திருப்பம். எதிர்க்காற்று முகத்தில் மணலை அள்ளி அடித்தது. முன்னால் செவ்வந்தி நிதானமாக ஏறிக்கொண்டே சீட்டி அடித்தாள்.

பத்து நிமிடம் பொறுத்தான். இருபது நிமிடம் பொறுத்தான்.

"சீட்டியடிக்கறத நிறுத்தித் தொலைங்க!"

செவ்வந்தி பிரேக் போட்டாள். கண்கள் பளிச்சென்று விரிந்தன.

"என்ன சொன்னீங்க?"

"மனுசன் சாகறான், சீட்டி கேக்குதா உங்களுக்கு? என் தண்ணியக் குடிச்சீங்கல்ல! டயருல காத்தப் புடுங்குனீங்கல்ல! டாக்டருக்குப் படிச்சவங்க பண்ற வேலையா அது? நாலு நாளு பரவால்லைங்க பரவால்லைங்கன்னு சொன்னேன் பாருங்க, ஒண்ணுகூடப் பரவால்ல இல்ல!"

"வந்துட்டாரய்யா மகராசன்!" அவள் ஹேண்டில்பாரைத் தட்டினாள். "நானும் சொல்றேன் கேளுங்க. உங்க குறட்டைக்கு மேய்ப்பரு நாயி மூணும் ராத்திரி பூரா பதில் சொல்லுச்சு! பல்லு வெளக்க அரை மணி நேரம்! என்ன பல்லு அது, யானைத் தந்தமா?"

"ஓட்டுறதப் பாருங்க நீங்க! நடுரோட்டுல பாம்பாட்டம்!"

"ரோடா இது? இதுக்குப் பேரு ரோடா?"

இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கத்தினார்கள். மூச்சு முட்டும்போது நிறுத்தினார்கள். மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில் நித்திலன் சைக்கிளை உதைத்தான். உதைத்த கால் வலித்து உட்கார்ந்துவிட்டான். அவள் கடைசி நாலு ஆப்ரிகாட்டை எடுத்து, எண்ணி, ஆளுக்கு இரண்டாக வைத்தாள்.

"வேண்டாம்! எனக்கு உங்க பழம் வேண்டாம்!"

"பள்ளத்துல எறியப் போறீங்களா?"

எறியத்தான் கையை ஓங்கினான். ஓங்கிய கை வாய்க்குப் போனது. பழம் நாக்கில் பட்டதும் அவன் பேச்சு அடங்கிவிட்டது. இனிப்பு, புளிப்பு, வெயில், மண் எல்லாம் ஒன்றாக இறங்கின. இரண்டாவது பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். பிறகு அவளுடைய இரண்டையும் பார்த்தான். அவள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல கேட்டா நாந்தான் உங்களப் பள்ளத்துல எறிவேன்," என்றாள்.

உச்சிக்கு வந்தபோது நித்திலன் சைக்கிளோடு சேர்ந்து விழுந்தான். கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆகாயம் அவன்மேல் உட்கார்ந்திருந்தது. தலையைத் திருப்பினான். கீழே மலைகள், மலைகள், மலைகள். அவற்றின் மடியில் அந்த ஏரி. எத்தனை நீலம்! இதையா 'நல்லாருக்குங்க' என்று சொன்னோம்? ஒரு கேவல் வந்தது. அதைத் தொடர்ந்து சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே நரம்புதான். மாமா சொன்னது சரி.

வான்பேசி அடித்தது. ஆள் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை முனகல் இல்லை.

"மாப்ள! எங்க இருக்கேன் சொல்லு பாக்கலாம்? வால்பாற ரோட்டுல, ஒம்பதாவது வளைவு! மண்டிப் பையனோட சைக்கிள எடுத்துட்டு வந்துட்டேன். டேய், நானே மிதிச்சாலும் வருதுடா! அதவிட ஜாஸ்தியா வருதுடா!"

"மாமா, பாத்து மாமா..."

"உங்கக்கா, நான் தாங்கிக்கறேன், எனக்கு உடுங்கன்னு கெஞ்சறா. தரமாட்டேன்னுட்டேன். வெச்சுடறேன், யானை நிக்குது!"

இணைப்பு போய்விட்டது.

நித்திலன் எழுந்து உட்கார்ந்தான். முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு, மூக்கில் வெயில் உரித்த தோல், தலையில் பாதி பீடபூமியின் புழுதி. கேட்பதற்கு இதைவிட மோசமான கோலம் இருக்க முடியாது. ஆனாலும் கேட்டான்.

"அப்புறம்... பொருத்தம் எப்புடிங்க?"

செவ்வந்தி அவன் பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

"அதுல ஒரு சிக்கல் இருக்குதுங்க."

"என்ன சிக்கல்?"

"என்கூட ஆறு கணவா ஏறி வந்தவரு உங்க மாமா. நல்ல மனுசன். நான் ரசிச்சதெல்லாம் ரசிச்சாரு. ஆனா அவருக்குக் கல்யாணமாயிருச்சு." அவள் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள். "உங்கள எனக்கு இன்னிக்குக் காலைலிருந்துதான் தெரியும். அரை நாள் பழகின ஆம்பளைக்கு எந்தப் பொண்ணாவது பதில் சொல்லுவாளா?"

"அதுக்கு இப்ப என்ன பண்றது?"

அவள் எழுந்தாள். சைக்கிளை நிமிர்த்தினாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் தார் ரோடு, பஸ், சுடுதண்ணீர், மெத்தை எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. அவள் முன் சக்கரத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், வந்த வழியை நோக்கி.

"மத்த ஆறும் பாக்கி இருக்குதுங்களே," என்றாள்.

நித்திலன் ஆறு கணவாய்களையும் பார்த்தான். தொடை வேண்டாம் என்று கும்பிட்டது. வயிறு இரைந்தது. கணுக்காலிலிருந்து கழுத்துவரை உடம்பில் எரிச்சல் படாத இடமில்லை.

"இந்த யோசனைய நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமல்ல?" என்று கத்திக்கொண்டே சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். இன்னொருத்தர் ருசி பார்த்த ஆறு மலைகள் எதிரே வரிசையாக நின்றன. அவளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று அவசரம் அவசரமாக மிதித்தான்.